பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போன நாட்கள்: பயத்தோடு டூட்டி பார்ப்பது எப்படி

போன மாதம் ஒரு நைட் டூட்டியில், புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி ஊசி ட்ரேயை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அக்கா, கேரளாவுல அப்பப்ப நிபா வருதே. அந்த மாதிரி ஒண்ணு இங்க வந்தா என்னக்கா பண்றது?"

"வந்தா பாக்க வேண்டியதுதான், வேறென்ன" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. 2020 மார்ச்சில் நான் இதையே கேட்டபோது ஒரு மூத்த சிஸ்டர் எனக்குச் சொன்ன பதில் அது. அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் நான். கொரோனாவின் முதல் இரண்டு அலையிலும் வார்டில் இருந்தேன். மனநல மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று மட்டும்தான் தெரியும்.

முதலில் பயத்தைப் பிரித்துப் போடுங்கள்

பயப்படுவது தப்பில்லை. நம் வேலையில் அது கணக்கோடுதான் வருகிறது. 2018-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா மருத்துவமனையில் நிபா நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி, அதே நோயில் இறந்துபோனார். அது தெரிந்தும் ஒருத்தி வார்டுக்குள் போகிறாள் என்றால் அவளிடம் போய் "தைரியமா இரு" என்று சொல்வது, பசிக்கிறது என்பவளிடம் "பசிக்காம இரு" என்பது மாதிரி.

நான் செய்தது இது. முதல் கொரோனா டூட்டிக்கு முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை. ஓபி சீட்டு ஒன்றின் பின்பக்கம் எனக்கு என்னென்ன பயம் என்று எழுதிப் பார்த்தேன். நூறு இருக்கும் என்று நினைத்தால் நாலுதான் வந்தது. அம்மாவுக்கு ஒட்டவைத்துவிடுவேன். அந்தக் கவச டிரெஸ்ஸைக் கழட்டும்போது தப்புப் பண்ணிவிடுவேன். நோயாளி முன்னால் அழுதுவிடுவேன். நான் செத்துப்போவேன்.

எழுதிப் பார்த்தால்தான் நாலும் நாலு ஜாதி என்று தெரிகிறது. முதலாவதற்கு வீட்டில் ஓர் ஏற்பாடு வேண்டும். இரண்டாவதற்குப் பழக்கம் வேண்டும். மூன்றாவது நடந்தால் நடக்கட்டும், ஒன்றும் குடிமுழுகாது (நடந்தது, முழுகவில்லை). நாலாவதுக்கு என்னிடம் மருந்தில்லை. அதை ஒரே ஓர் ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். கூட டூட்டி பார்க்கப்போகிற சிஸ்டரிடம். "எனக்குந்தாண்டி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு இரண்டு மணி நேரமாவது தூங்கினேன்.

உங்கள் சீட்டில் வேறு நாலு இருக்கும். வார்டு திறப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். திறந்த பிறகு பேனா பிடிக்க நேரம் இருக்காது.

வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேனோ என்ற பயம்

வார்டில் யாரைக் கேட்டாலும் இதுதான் முதல் பயம். தன் உயிர் இரண்டாவது.

எங்கள் வீடு எங்கள் வீடில்லை. பள்ளத்தூரில் ஒரு பெரிய செட்டியார் வீட்டை அம்மா முப்பது வருசமாகப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்காரர்கள் சென்னையில். படைப்பு, திருவிழா என்றால் வருவார்கள். இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பெருக்கி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிகிறதென்று காலமெல்லாம் அந்த நீளத்தைத் திட்டியவள் என் அம்மா. அந்த நீளம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அம்மாவுக்கு அப்போது 68 வயது, சுகர் வேறு. அவள் முகப்பை ஒட்டிய அறைக்குப் போனாள். நான் பின்வாசல் வழியாக வந்து, கிணற்றடியில் குளித்து, மூன்றாங்கட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கினேன். இரண்டாங்கட்டு நிலைப்படியில் அம்மா கோலமாவால் ஒரு கோடு போட்டாள். அவள் இந்தப் பக்கம் வரக்கூடாது, நான் அந்தப் பக்கம் போகக்கூடாது. சாப்பாட்டைக் கோட்டில் வைத்துவிட்டு, தூணில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவாள். சாயங்காலம் வளவில் இந்தத் தாழ்வாரத்தில் நானும் அந்தத் தாழ்வாரத்தில் அவளும் உட்கார்ந்து, நடுவில் வானம் திறந்து கிடக்க, கத்திப் பேசுவோம். தெருவே கேட்டிருக்கும்.

கோடு போட்ட அன்றைக்கே என் பயம் பாதியாகிவிட்டது. கோட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதுவரை "எதைத் தொட்டேன், எங்கே நின்றேன்" என்று ராப்பகலாகக் கணக்குப் பார்த்த மூளைக்கு, "கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் போதும்" என்று ஒரே ஒரு வேலை கொடுத்தாகிவிட்டது.

எல்லாருக்கும் அரண்மனை வாய்க்காது. என்னோடு வேலை பார்த்தவளுக்குக் காரைக்குடி செக்காலைப் பகுதியில் ஒற்றை அறை வீடு, இரண்டு பிள்ளைகள். அவள் வாசல் பக்கம் குளித்து உடுப்பு மாற்ற ஒரு தட்டி மறைப்பு, தனக்கென்று ஒரு பாய், ஜன்னலோரம் ஓர் இடம் என்று வைத்துக்கொண்டாள். சளியோ காய்ச்சலோ தெரிந்தால் பிள்ளைகள் அன்றே மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டிப் பேசியும் வைத்திருந்தாள். அந்தக் கடைசி ஏற்பாடுதான் அவளைத் தூங்கவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் சமைப்பது, யார் பிள்ளையைப் பார்ப்பது, ஏடிஎம் நம்பர் யாருக்குத் தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நான் பண்ணின கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதம் ரூபாய் நோட்டைச் சோப்பில் அலசிக் கொடியில் காயப்போட்டேன். கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்து, ஸ்பிரிட் பட்டால் உயிர் போகும். கை கழுவ வேண்டியதுதான். சோப்பு அந்தக் கிருமியின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும், 20 நொடி போதும். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் பரவியது மூச்சுக்காற்றில். வாசல்படிக்கு பிளீச்சிங் பவுடர் போட்ட நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம். அடுத்து வருகிற நோய் எந்த வழியில் பரவுகிறது என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காற்றா, எச்சிலா, தொடுவதா. அது தெரிந்தால் பாதிச் சடங்கை விட்டுவிடலாம்.

கவச உடைக்குள்

போடும்போது யாரும் தப்புச் செய்வதில்லை. கழட்டும்போதுதான். ஆறு மணி நேரம் அதற்குள் வெந்து, கையுறையைக் கவிழ்த்தால் வேர்வை தண்ணீராக ஊற்றும் நிலையில், எப்படா பிய்த்து எறிவோம் என்றிருக்கும். அந்த அவசரம்தான் ஆபத்து. நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். கழட்டும் அறையில் தனியாக நிற்கக்கூடாது. ஜோடி எட்டி நின்று ஒவ்வொரு படியாகச் சொல்வாள், நான் செய்வேன். "மேல் கையுறை. கை சுத்தம். ஜிப்பு. உள்பக்கத்தை வெளியே சுருட்டு. கை சுத்தம்." மாஸ்க் கடைசியில், வார்டுக்கு வெளியே வந்த பிறகு. சொல்பவள் அவசரப்படவே மாட்டாள், அவள் குளித்து முடித்துக் காபி குடித்தவள். வீட்டுக்குப் போன பிறகு "ஒழுங்காகக் கழட்டினேனா" என்று நெஞ்சு அடித்துக்கொள்வதும் இதனால் நின்றது. ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா.

உள்ளே இருக்கும்போது மூச்சு முட்டும். என்95 போட்டு, கண்ணாடி ஆவி பிடித்து, வெளியிலிருந்து யார் பேசுவதும் கேட்காமல் இருக்கும்போது, திடீரென்று "இங்கிருந்து ஓடு" என்று உடம்பு சொல்லும். எனக்கு மூன்றாவது நாள் வந்தது. அந்த நேரத்தில் மூச்சை இழுத்து இழுத்து விடாதீர்கள், இன்னும் கூடும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தானாக இறங்கும். நான் நோயாளிக்குச் சொட்டு மருந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே எண்ணுவேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு சிஸ்டர் ரொம்பக் கவனமாக டிரிப்ஸ் பார்க்கிறாள் என்றுதான் தோன்றும்.

எல்லா மூச்சுத் திணறலையும் பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. எனக்கு ஒருநாள் நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. வந்துவிட்டது என்றே நினைத்தேன். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 99. ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி மாட்டினேன், அதே 99. எண் இறங்கியிருந்தால் அடுத்த நிமிடம் டாக்டர் முன்னால் நின்றிருப்பேன். இறங்காததால் ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

சாவுக்குப் பிறகு

2021 மே மாதம். அந்த மாதம் 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. வார்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை.

அறுபது வயதுத் தறிக்காரர் ஒருவர் இருந்தார். கண்டாங்கிச் சேலை நெய்தவர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. குப்புறப் படுக்கவைத்தால் கொஞ்சம் தேறுவார். அவர் விரல்கள் சும்மா இருக்காது. படுக்கை விரிப்பின் ஓரத்தை இழை இழையாக எண்ணுவது மாதிரி தடவிக்கொண்டே இருக்கும். "தறி ஞாபகமாய்யா?" என்று கேட்டேன். மாஸ்க்குக்குள் சிரித்தார். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் போய்விட்டார்.

ஆக்ஸிஜன் குறைந்து மூளை குழம்பினால் நோயாளி விரிப்பைப் பிய்ப்பார், துழாவுவார். முதல் வருடத்துப் பாடம். அதை நான் தறிப் பழக்கம் என்று நினைத்துச் சிரித்துப் பேசிவிட்டு வந்தேனா? இந்தக் கேள்வி பத்து நாள் என்னைத் தின்றது. சோற்றில் கை வைத்தால் அந்த விரல்.

பதினோராவது நாள் டூட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டேன். என் வயதில் பாதிதான் இருப்பார் அந்தத் தம்பி. ஆறுதல் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்துவரச் சொன்னார். இருவரும் நின்றுகொண்டே பார்த்தோம். மாலை ஆறு மணிக்கு சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு) 88, தெரிவிக்கப்பட்டது. எட்டு மணிக்கு 86, தெரிவிக்கப்பட்டது. பத்து மணிக்கு 84, ஐசியூ படுக்கை கேட்கப்பட்டது, இல்லை. "யார் எழுதினது சிஸ்டர் இது?" என்றார். என் கையெழுத்துதான். விரலைப் பார்த்துச் சிரித்தவளேதான் மணிக்கு மணி எழுதியும் வைத்திருக்கிறாள். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. பிறகு அவர் மெதுவாக, "எனக்கும் அந்த மூணு மணி கனவுல வருது" என்றார்.

இதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். குற்ற உணர்ச்சியை ராத்திரி இரண்டு மணிக்கு விசாரிக்கக்கூடாது. அந்த நேரத்து நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு தூக்குத் தண்டனை கொடுப்பான். பகலில், கேஸ் ஷீட்டோடு, விஷயம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். சில தடவை நிஜமாகவே தப்பு இருக்கும். எங்களுக்கும் இருந்தது, ஒரு சிலிண்டர் மாற்றத் தாமதமானது. அன்றிலிருந்து ரெகுலேட்டர் மாட்டிய ஜம்போ சிலிண்டர் ஒன்று வார்டு மூலையில் எப்போதும் தயாராக நின்றது. ஆனால் படுக்கையே இல்லாததற்கு நர்ஸ் பொறுப்பில்லை. செய்யத் தெரிந்தும் செய்ய வழியில்லாமல் நிற்பதன் வலி அது. அதை உங்கள் கையாலாகாத்தனம் என்று பெயர் மாற்றி எழுதிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. சாவைப் பார்த்து வந்தவர்களை உடனே ஹாலில் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்லுங்கள் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எங்களுக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. சொல்ல விரும்பாத பிள்ளை ஒருத்தி அடுத்த இரண்டு நாள் டூட்டிக்கே வரவில்லை. இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறுவதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. பக்கத்தில் இருங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். "சாப்பிட்டியா, வீட்டுக்கு எப்படிப் போற" என்று கேளுங்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள், நடுவில் உங்கள் கதையை எடுத்துவிடாதீர்கள்.

தூக்கம், போன், காபி

நைட் முடித்துக் காலையில் வரும்போது வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் ஜன்னல் இல்லாத சாமான் அறையில் பாய் விரித்தேன். பித்தளை அண்டாக்களுக்கு நடுவே பகல் பதினொரு மணிக்கும் கும்மிருட்டு. டூட்டியின் பின்பாதியில் காபி வேண்டாம், அது உடம்பிலிருந்து இறங்கப் பல மணி நேரம் எடுக்கும். மருந்து அறை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தூக்க மாத்திரையை நாமே எடுத்துப் போட்டுக்கொள்வது சுலபம். செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செய்தி காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. குடும்ப குரூப்பில் உங்களிடம் ஊசி பற்றிச் சந்தேகம் கேட்கும் சித்தப்பாவுக்கு ஒரு வாரம் பதில் போடாவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

தெரு

2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தெருவிலும் தட்டைத் தட்டினார்கள், கை தட்டினார்கள். அடுத்த மாதம் அதே தெருவில் ஒரு டீக்கடையில் எனக்குத் தனிக் கப். என் தோழியை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீனில் வரமுடியாத குற்றம் என்று 2020 ஏப்ரல் 22-இல் அவசரச் சட்டம் வந்தது. சட்டம் அடியையும் தொந்தரவையும் தடுக்கும், முகச்சுளிப்புக்கு அதில் பிரிவு இல்லை.

நான் எதிர்வீட்டு ஆச்சியிடம், அவர் கேட்பதற்கு முன்பே போய், பத்தடி தள்ளி நின்று சொன்னேன். "ஆச்சி, அம்மை போட்ட வீட்டுக்கு வேப்பிலை கட்டுவமே, அந்த மாதிரி நெனச்சுக்கங்க. நான் பின்வாசல்ல வந்து பின்வாசல்லயே போயிருவேன்." ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மை போட்ட வீட்டுக்கு வாசல்ல கூழு வப்பாகத்தா" என்றார். மறுநாளிலிருந்து பின்வாசல் ஆணியில் ஓர் ஓலைக் கொட்டான் தொங்கும். ஒருநாள் சீப்புச் சீடை, ஒருநாள் கவுனி அரிசி. தெருவில் பெரிய மனுஷி ஒருவரை நம் பக்கம் வைத்துக்கொண்டால் மற்றவர்களின் வாய் தானாக அடங்குகிறது. மறைத்து வைத்து, பிறகு தெரிந்தால்தான் ரகளை.

இன்சார்ஜாக இருப்பவர்களுக்கு

பயம் அதிகம் இருந்தது டாக்டருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்குத்தான். ஏனென்றால் யாரும் அவர்களுக்கு எதையும் விளக்கவில்லை. "பையைத் தொட்டாலே ஒட்டுமாம்மா?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டபோது அவர் வார்டுக்கு வர ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பயிற்சி வகுப்பில் முதல் வரிசை அவர்களுக்கு வையுங்கள். ஒப்பந்தப் பிள்ளைகளுக்கும் நிரந்தரமானவர்களுக்கும் ஒரே தரத்தில் மாஸ்க் கொடுங்கள். டூட்டி பட்டியலைப் பத்து நாள் முன்னால் ஒட்டுங்கள். அடுத்த லீவு என்றைக்கு என்று தெரிந்தால் மனுஷி எதையும் தாங்குவாள். யோகா வகுப்பு அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீர் வரும் கழிப்பறையும் சூடான சோறும்.

இது நம் கையில் இல்லை என்று எப்போது தெரியும்

பயமும் அழுகையும் எரிச்சலும் வந்து போவது வழக்கம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் பார்க்க வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண்முன் வந்து நிற்கிறது, வார்டு வாசல் வந்தாலே உடம்பு நடுங்குகிறது, தினம் குடித்தால்தான் தூக்கம் என்றாலும் அப்படியே. "நான் இல்லாமப் போனா நல்லது" என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் நாள் எண்ண வேண்டாம், அன்றே சொல்லுங்கள். கூட வேலை பார்ப்பவள் அப்படிச் சொன்னால் அவளைத் தனியாக விட்டுப் போகாதீர்கள்.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. அரசு சுகாதார உதவி எண் 104-உம் இருக்கிறது. தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. நான் இரண்டாவது அலை முடிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே சொன்ன பிறகு போனேன். பயம் பல பேருக்கு அப்படித்தான், வேலை முடிந்த பிறகு வரும். நாலு தடவை போய்ப் பேசினேன். வெளியூர் மருத்துவமனையில் காட்டினேன். தெரிந்த முகம் பார்க்க வெட்கமாக இருந்தது, உண்மை.

அந்த நைட் டூட்டிப் பிள்ளையிடம் பிறகு ஒருநாள் இதையெல்லாம் சொல்லி, ஓர் ஓபி சீட்டையும் பேனாவையும் கொடுத்தேன். மூன்று எழுதினாள். மூன்றாவதை என்னிடம் காட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் பின்வாசல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. "யாரு வரப்போறா?" என்று அம்மா முகப்பிலிருந்தே கேட்டாள். "யாரும் இல்ல, சும்மாதான்" என்று கத்தினேன்.